பழைய இயக்கிகளும் புதிய உதிரிகளும்

நுழையும்முன்

எழுதி வைத்த செய்தி அழியாமல் இருந்தால் மட்டும் அது நம்மை வந்தடைந்துவிடாது; அதனைப் படிக்கவல்ல கருவியும் அழியாமல் இருத்தல் வேண்டும். கணினிக் காலத்தின் தொடக்கத்தில் காந்த நாடாக்களிலும் வட்டுகளிலும் பதியப்பட்டவற்றைப் படிப்பதற்குரிய இயந்திரங்கள் பல, இன்று உற்பத்தியில் இல்லை. எஞ்சியிருக்கும் இயந்திரங்களும் முதுமையடைந்து வருகின்றன. அவற்றின் தேய்ந்த உறுப்புகளுக்கு மாற்று உறுப்பு தேடி, அவற்றை மீண்டும் இயங்கச் செய்யும் அரிய பணியை இப்பாடம் விளக்குகிறது.

கண்ணுக்குப் புலப்படாத எழுத்து

ஓலைச்சுவடியைப் படிப்பதற்கு ஒளியும் எழுத்தறிந்த கண்ணும் போதும். மெய்யெழுத்திற்குப் புள்ளி இடாமலும், எகர ஏகாரங்களை வேறுபடுத்தாமலும் எழுதப்பட்ட ஏடாக இருப்பினும், பயிற்சி உடையவர் இடம்நோக்கிப் பொருள்கொள்வர். ஏட்டிற்கும் படிப்பவருக்கும் இடையே இயந்திரம் எதுவும் இல்லை.

காந்த நாடாவின் நிலை வேறு. பழுப்புநிறப் பட்டை ஒன்றின்மீது இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பூசப்பட்டுள்ளன. அத்துகள்கள் எத்திசையில் காந்தமுற்றுள்ளன என்பதே அங்குள்ள எழுத்து. உருப்பெருக்காடி கொண்டு நோக்கினும் அவ்வெழுத்து நம் கண்ணுக்குப் புலப்படாது. நாடாவைச் சீரான வேகத்தில் நகர்த்தி, அதன் காந்த மாற்றங்களை மின்குறிகளாக மாற்றித் தரும் இயந்திரம் இருந்தால் மட்டுமே அது பேசும்.

இவ்வேறுபாட்டை விளக்க இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் காட்டலாம். 1086ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் மன்னரின் ஆணைப்படி அந்நாட்டின் நிலங்களும் உடைமைகளும் கணக்கெடுக்கப்பட்டு, ‘டூம்ஸ்டே நூல்’ என்னும் பெயரால் தோலில் எழுதப்பட்டன. அதன் 900ஆவது ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் புதிய ‘டூம்ஸ்டே’ தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தத்தம் ஊரைப் பற்றிய செய்திகளைத் தந்தனர். அவர்களுள் பள்ளி மாணவர் பலர். அச்செய்திகள் அனைத்தும் லேசர் வட்டுகளில் பதியப்பட்டன. அவ்வட்டுகளைப் படிக்கத் தனிவகை இயக்கியும் அதனோடு இணைந்த கணினியும் தேவைப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அவ்வியக்கிகள் அரிதாகிவிட்டன. தொகுப்பே படிக்க இயலாததாகிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 2002ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் லீட்சு, அமெரிக்காவின் மிச்சிகன் ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளை உருவாக்கி அதற்கு வழிகண்டனர். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தோல்நூலோ இலண்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் எவ்வித இயந்திரமும் இன்றிப் படிக்கத்தக்க நிலையில் உள்ளது.

இயக்கி என்பது யாது?

நாடாவிலோ வட்டிலோ உள்ளதைப் படிக்கவும் அதில் எழுதவும் பயன்படும் இயந்திரமே இயக்கி. வழக்கில் இதனை ‘டிரைவ்’ என்போம். எவ்வகை இயக்கியாயினும் அதன் பணியை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, நாடாவை அல்லது வட்டைச் சீரான வேகத்தில் ஓட்டுதல். இரண்டாவது, ‘ஹெட்’ எனப்படும் காந்த முனையை உரிய தடத்தின்மீது நிறுத்துதல். மூன்றாவது, அம்முனையில் எழும் மிக நுண்ணிய மின்குறியைப் பெருக்குதல். நான்காவது, அக்குறியை எழுத்தாகவோ எண்ணாகவோ படமாகவோ பிரித்தறிதல்.

முதலிரண்டும் இயந்திரப் பணிகள். பின்னிரண்டும் மின்னணுப் பணிகள். இந்நான்கனுள் எது பிழைத்தாலும் செய்தி கிடைக்காது. ஆகவே, பழைய இயக்கியைச் சீர்செய்பவர் ஒரே நேரத்தில் கடிகாரம் பழுதுபார்ப்பவராகவும் வானொலி பழுதுபார்ப்பவராகவும் இருத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

• வன்தட்டைக் கொண்ட முதல் வணிகச் சேமிப்பகம் ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட ‘ரேமாக்’ இயந்திரத்தில் இடம்பெற்றது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் அதில் சுழன்றன. அவை அனைத்திலும் சேர்த்துப் பதியத்தக்க எழுத்துகள் 50 இலட்சம்.

• நெகிழ்வட்டின் அளவு 8 அங்குலம், 5¼ அங்குலம், 3½ அங்குலம் எனப் படிப்படியாகக் குறைந்தது. ஓர் அளவு வட்டை மற்றோர் அளவுக்குரிய இயக்கியில் படிக்க இயலாது.

• அமெரிக்க அணு ஆயுதப் படைகளின் ஒருங்கிணைப்பு அமைப்பு ஒன்று 8 அங்குல நெகிழ்வட்டுகளைப் பயன்படுத்தி வருவதாக 2016ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசின் தணிக்கை அறிக்கை ஒன்று தெரிவித்தது. அவ்வட்டுகள் 2019இல் கைவிடப்பட்டன.

முதுமையடையும் உறுப்புகள்

இயந்திரம் பயன்படுத்தப்பட்டால் தேயும் என்பதை அனைவரும் அறிவர். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது கெடும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. அலமாரியில் முப்பது ஆண்டுகள் உறங்கிய இயக்கியை மின்னிணைப்பில் பொருத்தியதும் அது ஓடிவிடும் என எதிர்பார்த்தல் கூடாது.

முதலில் கெடுவது ரப்பர். ரப்பர் காலப்போக்கில் இருவேறு வகையாகச் சிதையும். சில ரப்பர் உறுப்புகள் இறுகி, வெடித்து, நொறுங்கும். வேறு சில இளகித் தார்போல ஒட்டிக்கொள்ளும். 1980களில் வெளிவந்த ஆம்ஸ்டிராட் கணினிகளின் 3 அங்குல வட்டு இயக்கிகளில், மோட்டாரின் சுழற்சியை வட்டுக்குக் கடத்துவதற்கு மெல்லிய ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு. அது தளர்ந்ததும் வட்டின் வேகம் குறையும். கணினி அவ்வட்டைப் படிக்க மறுக்கும். 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த சில வன்தட்டுகளின் உள்ளே, காந்த முனையைத் தாங்கும் கை மோதாதிருக்க வைக்கப்பட்ட சிறு ரப்பர் தடுப்பு இளகி, அக்கையையே பற்றிக்கொள்ளும். அந்நிலையில் தட்டு சுழலும், முனை நகராது.

அடுத்து எண்ணெயும் கிரீசும். இவை காய்ந்து பிசினாக மாறினால், முனையை நகர்த்தும் திருகுத்தண்டு பாதி வழியிலேயே நின்றுவிடும். நல்வாய்ப்பாக இதற்கு மாற்று உறுப்பு தேவையில்லை. பழையதைத் துடைத்துப் புதிய மசகு இடுதலே போதும்.

மூன்றாவதாக மின்தேக்கிகள். மின்பகு நீர்மம் அடைக்கப்பட்ட மின்தேக்கிகளில் அந்நீர்மம் காலப்போக்கில் வற்றும், அல்லது கசியும். கசிந்த நீர்மம் மின்சுற்றுப் பலகையிலுள்ள செப்புத் தடங்களை அரிக்கும். இத்தகைய பலகைக்கு மின்னிணைப்புக் கொடுத்துப் பார்ப்பது, நோயறியும் முன்பே மருந்து கொடுப்பதனை ஒக்கும்.

இறுதியாகக் காந்த முனை. இயக்கியின் உயிர்நிலை இதுவே. நாடாவோ நெகிழ்வட்டோ இதனை உரசிக்கொண்டே ஓடுவதால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் இது சிறிது தேய்கிறது. பழைய நாடாவின் துகள்கள் உதிர்ந்து முனையில் படிந்தால், அடுத்து வரும் நாடாவையும் அப்படிவு கீறிவிடும். எனவே, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் முனையைத் துடைத்த பின்னரே ஒவ்வொரு நாடாவையும் ஏற்றுவது இத்துறையினர் கடைப்பிடிக்கும் ஒழுங்காகும்.

உதிரி கிடைக்கும் ஐந்து வழிகள்

பழைய இயக்கிக்கு உதிரி உறுப்பு தேடுபவர் முன் ஐந்து வழிகள் உள்ளன. எளியதிலிருந்து அரியதை நோக்கி அவற்றை முறைப்படுத்திக் காணலாம்.

முதல் வழி, பொதுத்தரமுடைய உறுப்பு. மின்தேக்கி எந்நிறுவனத்தின் தயாரிப்பாயினும் அதன் மின்தேக்குதிறனும் தாங்கும் மின்னழுத்தமும் பொருந்தினால் போதும். 1960களில் அறிமுகமான 7400 வரிசைத் தொகுப்புச்சுற்றுகள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. பலரும் பின்பற்றும் பொதுத்தரத்தின்படி அமைந்த உறுப்புக்கு ஆயுள் நீளம். ஒரு நிறுவனம் தனக்கென மட்டும் உருவாக்கிய உறுப்போ அந்நிறுவனம் கைவிட்ட நாளன்றே அநாதையாகிவிடுகிறது.

இரண்டாம் வழி, விற்பனையாகாமல் கிடங்கில் தங்கிவிட்ட உறுப்பு. உறை பிரிக்கப்படாதது என்பதனாலேயே அதனைப் புதியதெனக் கொள்ளுதல் கூடாது. நாற்பது ஆண்டுகள் உறைக்குள் இருந்த ரப்பர் பெல்ட், இயக்கியினுள் இருந்த பெல்ட்டைப் போலவே முதுமையடைந்திருக்கும். உலோக உறுப்புக்கும் கண்ணாடிக்கும் இவ்வழி ஏற்றது, ரப்பருக்கு ஏற்றதன்று.

மூன்றாம் வழி, கொடை இயந்திரம். ஒரே வகையைச் சேர்ந்த, பழுதுற்ற இயக்கிகள் சிலவற்றைத் திரட்டி, அவற்றின் நல்ல உறுப்புகளைக் கொண்டு ஒன்றை மட்டும் இயங்கச் செய்வர். அருகிய தனித்தொகுப்புச்சுற்றும் காந்த முனையும் பெரும்பாலும் இவ்வழியாகவே கிடைக்கின்றன. ஆயின், இவ்வழியில் ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்கிறோம். உலகில் எஞ்சியிருப்பவை பத்து இயக்கிகளே என்றால், ஒவ்வொரு பிரிப்பும் அவ்வெண்ணிக்கையைக் குறைக்கும்.

நான்காம் வழி, புதிதாகச் செய்துகொள்ளுதல். பெல்ட் செல்லும் பாதையை நூல்கொண்டு அளந்து, அதனினும் சற்றுக் குறைந்த சுற்றளவில் புதிய பெல்ட்டை வார்க்கலாம். ரப்பர் சிதைந்த உருளையின் உலோக அச்சை வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய ரப்பர் வார்த்து, கடைசல் எந்திரத்தில் உரிய விட்டத்திற்குக் கடைந்துகொள்ளலாம். உடைந்த நெகிழிப் பற்சக்கரத்தை அளந்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உருவாக்கலாம். இவ்வழிக்குத் தேவை, பழைய உறுப்பின் சரியான அளவு. ஆகவேதான், சிதைந்ததாயினும் பழைய உறுப்பை எறிந்துவிடக் கூடாது என்பர்.

ஐந்தாம் வழி, மனிதர். இயந்திரத்தின் பராமரிப்புக் கையேடும் மின்சுற்று வரைபடமும் இல்லாதபோது, அதனைப் பழுதுபார்த்த பொறியாளரின் நினைவே கையேடாகிறது. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில், 1959இல் அறிமுகமான ஐ.பி.எம். 1401 வகைக் கணினிகள் இரண்டு, நாடா இயக்கிகளுடன் மீண்டும் இயங்குகின்றன. அவற்றைச் சீரமைத்தோருள் பலர், அந்நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர்கள். அக்கணினிகளுள் ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் வழங்கப்படுவதோ 60 ஹெர்ட்ஸ். ஆகவே, இயந்திரத்தை மாற்றாமல், அதற்கேற்ற மின்சாரத்தைத் தரும் மாற்றியை அமைத்துக்கொண்டனர். பொருளைத் திருத்துவதா சூழலைத் திருத்துவதா என்று ஆராய்ந்து முடிவுசெய்வதும் இக்கலையின் பகுதியே ஆகும்.

நிலவின் ஒளிப்படங்கள்

இப்பணியால் விளையும் பயனை உணர்த்தும் சிறந்த சான்று, நிலவைப் படமெடுத்த விண்கலங்களின் வரலாறாகும்.

மனிதனை நிலவில் இறக்குவதற்குமுன், இறங்கத்தக்க இடங்களைக் கண்டறிய நாசா நிறுவனம் 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் ‘லூனார் ஆர்பிட்டர்’ என்னும் ஐந்து விண்கலங்களை அனுப்பியது. அக்காலத்தில் இன்றுள்ளவை போன்ற எண்ணிமப் படக்கருவிகள் இல்லை. விண்கலம் 70 மில்லிமீட்டர் படச்சுருளில் படமெடுத்தது. அச்சுருளைத் தனக்குள்ளேயே கழுவியது. பின்னர் மெல்லிய ஒளிக்கற்றையால் அதனைப் பகுதி பகுதியாக வருடி, வானொலிக் குறியாகப் பூமிக்கு அனுப்பியது. அமெரிக்கா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்த நிலையங்கள் அக்குறிகளைப் பெற்றுக் காந்த நாடாக்களில் பதிந்தன. முதல் விண்கலம் 1966 ஆகஸ்டு 23ஆம் நாள், நிலவின் விளிம்பிற்கு அப்பால் பூமி தோன்றும் காட்சியை அனுப்பியது. நிலவின் அருகிலிருந்து பூமியைக் காட்டிய முதல் படம் அதுவே.

அன்று மக்கள் கண்டவை, பூமியில் மீண்டும் படச்சுருளுக்கு மாற்றப்பட்டு, கீற்றுக் கீற்றாக ஒட்டப்பட்ட படிகள். அவற்றில் கோடுகள் விழுந்தன. ஒளியும் நிழலும் பல இடங்களில் மங்கின. நாடாக்களில் இருந்த மூலக்குறியோ அவற்றினும் தெளிவானது. ஆனால், அந்நாடாக்களைப் படிக்க ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எப்.ஆர். 900 என்னும் இயக்கி வேண்டும். ஆள் உயரப் பேரலமாரி போன்ற அவ்வியந்திரத்தில், 2 அங்குல அகலமுள்ள நாடா நகர்ந்துகொண்டிருக்க, அதற்குக் குறுக்கே நான்கு காந்த முனைகள் மிகுந்த வேகத்தில் சுழலும். அதனை வாங்கியோர் சிலரே. உற்பத்தி நின்றபின் உதிரியும் அரிதாயிற்று.

ஏறத்தாழ 1500 நாடாக்கள் இருந்தன. 1980களின் நடுவில் அவற்றை என்செய்வது என்னும் வினா எழுந்தபோது, நாசாவின் ஆய்வகத்தில் ஆவணப் பொறுப்பிலிருந்த நான்சி எவான்ஸ் என்னும் அம்மையார், அவற்றை அழிக்க உடன்படவில்லை. நாடாவைக் காத்தால் மட்டும் போதாது என்பதையும் அவர் உணர்ந்தார். விமானப்படையில் உபரியாகிக் கழிக்கப்படவிருந்த எப்.ஆர். 900 இயக்கிகளைத் தேடிப் பெற்றார். சீரமைக்கும் பணிக்குத் தேவையான நிதி கிடைக்காதபோதும் அவ்வியக்கிகளை அவர் கைவிடவில்லை. தம் இல்லத்தில் இடம் ஒதுக்கி, பல ஆண்டுகள் அவற்றைப் பேணினார்.

2007ஆம் ஆண்டில் டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் ஆகிய இருவர் இதனை அறிந்து முன்வந்தனர். நாடாக்களும் இயக்கிகளும் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே மூடப்பட்டுக் கிடந்த மெக்டொனால்ட்ஸ் உணவகக் கட்டடமே அவர்களின் பணிமனையாயிற்று. அதனை அவர்கள் ‘மெக்மூன்ஸ்’ என்று வேடிக்கையாக அழைத்தனர்.

மேலே கண்ட வழிகளுள் சில அங்குப் பயன்பட்டன. தூசும் துருவும் நீக்கப்பட்டன. ஓர் இயக்கியில் கெட்டதை மற்றோர் இயக்கியிலிருந்து எடுத்துப் பொருத்தினர். தேய்ந்த காந்த முனைகளை, அத்தொழிலில் தேர்ந்த நிறுவனம் ஒன்றின் துணையோடு புதுப்பித்தனர். பழைய கையேடுகளையும் தொழில்நுட்ப ஆவணங்களையும் தேடித் திரட்டினர். நாடாவிலிருந்து எழும் குறியைப் படமாகப் பிரித்துத் தரும் மின்சுற்றை, அவ்வாவணங்களின் துணைகொண்டு மீண்டும் அமைத்தனர். கென் சின் என்னும் பொறியாளரின் அனுபவமும் இளம் மாணவர்களின் உழைப்பும் அப்பணியில் இணைந்தன.

2008 நவம்பரில் முதற்பயன் விளைந்தது. 1966இல் எடுக்கப்பட்ட அதே பூமியின் படம், 42 ஆண்டுகளுக்குப் பின், அதற்குமுன் எவரும் கண்டிராத தெளிவுடன் வெளியிடப்பட்டது. தொடர்ந்து பிற படங்களும் மீட்கப்பட்டு எண்ணிம வடிவில் காப்பகத்தைச் சேர்ந்தன. இது வெறும் நினைவுப்பொருள் மீட்பு அன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிலவின் முகத்தையும் இன்றைய விண்கலங்கள் காட்டும் முகத்தையும் ஒப்பிட்டால், இடைக்காலத்தில் விண்கற்கள் மோதி உண்டாக்கிய புதிய பள்ளங்களை அறிய இயலும். பழைய படம் இல்லையேல் அவ்வொப்பீடும் இல்லை.

இதற்கு மாறாக நிகழ்ந்ததும் உண்டு. 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் கால்பதித்த காட்சியின் மூலக்குறி பதியப்பட்ட நாடாக்களை நாசா நெடிது தேடியது. அவை அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்கு மீண்டும் பயன்படுத்தப்பட்டுவிட்டன என்னும் முடிவை 2009இல் அறிவித்தது. நாடா இல்லாதபோது எவ்வளவு சிறந்த இயக்கியாலும் பயனில்லை. தொலைக்காட்சி நிலையங்கள் பதிந்து வைத்திருந்த, தரம் குறைந்த படிகளையே சீர்செய்து வெளியிட நேர்ந்தது.

ஓடுவது வேறு, சரியாகப் படிப்பது வேறு

உதிரி கிடைத்துப் பொருத்திய பின்னரும் பணி முடிவதில்லை. இயக்கி ஓடுகிறதா என்பது முதல் வினா. அது சரியாகப் படிக்கிறதா என்பதே முதன்மையான வினா.

வேகத்தைச் சரிபார்க்கும் முறை ஒன்றைக் காண்போம். 5¼ அங்குல நெகிழ்வட்டு இயக்கிகள் பல, நிமிடத்திற்கு 300 முறை, அதாவது நொடிக்கு 5 முறை வட்டைச் சுழற்றுகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், சோக் பொருத்தி எரியும் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது. எனவே, வட்டு ஒரு சுற்று முடிப்பதற்குள் விளக்கு 20 முறை ஒளிர்கிறது. சுழலும் சக்கரத்தின்மீது சம இடைவெளியில் 20 கோடுகள் இருப்பின், ஒவ்வோர் ஒளிர்வின்போதும் முன்பு ஒரு கோடு இருந்த இடத்திற்கு அடுத்த கோடு வந்து சேரும். ஆகவே, கோடுகள் அசையாது நிற்பனபோலத் தோன்றும். வேகம் மிகுந்தால் அவை முன்னோக்கியும், குறைந்தால் பின்னோக்கியும் நகர்வனபோலத் தோன்றும். இதற்காகவே பல இயக்கிகளின் அடிப்பக்கச் சக்கரத்தில் கோடுகள் அச்சிடப்பட்டிருந்தன. விலையுயர்ந்த அளவைக்கருவி இன்றி, ஒரு குழல்விளக்கைக் கொண்டே வேகத்தைத் திருத்திக்கொள்ள அவை உதவின.

அடுத்தது, காந்த முனையின் இருப்பிடம். அங்குலத்திற்கு 48 தடங்கள் உள்ள வட்டில், அடுத்தடுத்த இரு தடங்களுக்கு இடையேயுள்ள தொலைவு அரை மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். முனை அதிற் சிறுபகுதி விலகினாலும் படிப்பில் பிழை நேரும். இதில் ஒரு நுட்பம் உண்டு. முனை விலகிய இயக்கி, தான் எழுதியதைத் தானே பிழையின்றிப் படிக்கும்; பிற இயக்கிகள் எழுதியதைப் படிக்கத் தடுமாறும். எனவே, ஓர் இயக்கியை அதுவே எழுதிய வட்டைக் கொண்டு சோதித்தல் ஆகாது. சரியான அளவில் பதியப்பட்ட அளவை வட்டைக் கொண்டே சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது எச்சரிக்கை, வரிசைமுறை பற்றியது. சீர்செய்த இயக்கியில் முதன்முதலாக அரிய நாடாவை ஏற்றுதல் கூடாது. பயனற்ற நாடாவை ஏற்றி, அது கீறலோ கசங்கலோ இன்றி வெளிவருவதைக் கண்ட பின்னரே அரியதைத் தொடுதல் வேண்டும். நாடாவும் முதுமையடைந்திருக்கும் என்பதை மறத்தலாகாது. 1970களிலும் 1980களிலும் தயாரான சில நாடாக்களில், துகள்களைப் பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அவற்றைக் குறைந்த வெப்பத்தில் பல மணிநேரம் பதமாக உலர்த்திய பின்பே ஓட்ட இயலும். அவ்வாறு உலர்த்திப் பெற்ற நலமும் நிலையானதன்று. சிறிது காலமே நீடிக்கும்.

எதனைக் காப்பது?

இவ்விடத்தில் அறம் சார்ந்த வினா ஒன்று எழுகிறது. அருங்காட்சியகத்திலுள்ள பழைய இயக்கியைப் பிரித்துப் புதிய உறுப்புகளைப் பொருத்தினால், அது பழைய பொருளாகவே நீடிக்குமா? பிரிக்காமல் வைத்தால், அது மட்டுமே படிக்கவல்ல நாடாக்கள் ஊமையாகவே இருந்துவிடாவா?

இயந்திரத்தையே வரலாற்றுச் சான்றாகக் கருதுவோர், உறுப்புகளை மாற்றுவதற்கு அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானது. அக்காலத் தொழிலாளர் பற்றவைத்த விதமும் அக்கால ரப்பரின் தன்மையும்கூட வரலாறே. நாடாவில் உள்ள செய்தியை முதன்மையாகக் கருதுவோர், இயந்திரம் ஓடியே ஆக வேண்டும் என்பர். இருதரப்பும் ஏற்கத்தக்க நடுவழி ஒன்று உண்டு. மாற்றிய ஒவ்வோர் உறுப்பையும் அகற்றிய நாளையும் காரணத்தையும் குறித்து, பழைய உறுப்பை அதனோடு சேர்த்துப் பாதுகாத்தல் வேண்டும். பின்வருவோர் எது பழையது, எது புதியது என ஐயமற அறிய அது வழிசெய்யும்.

மற்றொரு வழியும் இன்று கைக்கொள்ளப்படுகிறது. பழைய இயக்கி இயங்கும் காலம் குறுகியது என்பதால், அதன் முனையில் எழும் காந்தத் திசைமாற்றங்களின் கால இடைவெளிகளை உள்ளவாறே அளந்து கோப்பாகச் சேமித்துக்கொள்கின்றனர். எழுத்தாகவும் எண்ணாகவும் பிரித்தறியும் பணியைப் பின்னர் மென்பொருள் செய்துகொள்ளும். இம்முறையில் முனை ஒருமுறை தேய்ந்தால் போதும். பிரித்தறிதலில் பிழை நேர்ந்தால் வட்டை மீண்டும் ஓட்ட வேண்டியதில்லை.

ஆயினும், எண்ணிமக் கோப்பாக மாற்றிவிட்டோம் என்று அமைதி கொள்வதற்கில்லை. அக்கோப்பும் ஏதோ ஓர் இயக்கியில்தான் இருக்கிறது. அவ்வியக்கிக்கும் ஒருநாள் உதிரி கிடைக்காமல் போகும். அந்நாள் வருமுன் அடுத்த தலைமுறைச் சேமிப்பகத்திற்குப் படியெடுத்தல் வேண்டும். ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தவர்கள் செய்ததும் இதுவே. அவர்களுக்குத் தேவைப்பட்டவை ஓலையும் எழுத்தாணியும். நமக்குத் தேவைப்படுவன, இன்னும் ஓடக்கூடிய ஓர் இயக்கியும் அதனை ஓட்டத் தெரிந்த ஒருவரும். இரண்டும் இருக்கும்போதே படியெடுத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒலிநாடா, நெகிழ்வட்டு, குறுவட்டு ஆகியவற்றைத் தொகுத்து, அவற்றைப் படிக்கும் கருவி இன்று இயங்கும் நிலையில் உள்ளதா என அட்டவணைப்படுத்துக.

2. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல்விளக்கைக் கொண்டு, நிமிடத்திற்கு 300 சுற்று வேகத்தைச் சரிபார்க்கச் சக்கரத்தில் எத்தனை கோடுகள் தேவை? கணக்கிட்டுக் காட்டுக.

3. ‘அருங்காட்சியகத்தின் பழைய இயந்திரத்தை ஓடவிடுவதா, தொடாமல் காப்பதா?’ – வகுப்பறையில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

4. உங்கள் ஊரில் வானொலி, தையல் இயந்திரம், கடிகாரம் முதலியவற்றைப் பழுதுபார்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, உற்பத்தி நின்றுபோன உதிரிகளை அவர் எவ்வாறு பெறுகிறார் எனக் கேட்டறிந்து எழுதுக.